பின்மூடி இல்லாத விளையாட்டுப் பெட்டி

1982-ல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவிகளில் ஒரு புது வரிசையைக் கடைக்கு அனுப்பியது. ‘எல்.சி.டி. சோலார்பவர்’ என்று பெயர். ‘டெரர் ஹவுஸ்’, ‘ஏர்போர்ட் பேனிக்’ என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே ஒரு விளையாட்டு. முன்பக்கம் பார்த்தால் அந்தக் காலத்து மற்றக் கருவிகளைப் போலத்தான்: சின்னத் திரை, விரலுக்கு அடங்குகிற சில பொத்தான்கள். திருப்பினால்தான் வித்தியாசம் தெரியும். நகத்தால் நெம்பித் திறக்கிற, அடிக்கடி தொலைந்துபோகிற, தொலைந்தால் செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்கிற அந்தப் பேட்டரி மூடி இதில் கிடையாது.

முகப்பில் இருந்த கறுப்புச் சூரியப் பட்டைதான் அதற்குச் சாப்பாடு போட்டது. ஜன்னலோரமோ மேஜை விளக்கடியோ போதும், ஓடும். போர்வைக்குள் கொண்டுபோனால் நின்றுவிடும். சாப்பிட வரச்சொல்லி அம்மா அதைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தால் ஆட்டம் முடிந்தது; அதுவரை எடுத்த புள்ளிகளும் போச்சு. மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் அந்தப் பெட்டி பச்சைக் குழந்தைபோல முதலிலிருந்து தொடங்கும்.

வெயிலிலிருந்தும் விரல் அழுத்தத்திலிருந்தும் காற்றில் மிதக்கும் வானொலி அலையிலிருந்தும் துளித்துளியாக மின்சாரம் எடுப்பது பழைய வித்தை. எடுத்த மின்சாரம் பாதியில் நின்றுபோனால், விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப எழுவது வேறு வித்தை. முதலாவது 1982-லேயே கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஒரு விளையாட்டுப் பெட்டிக்குள் வந்து சேர 2020 ஆயிற்று. இடையில் போன 38 ஆண்டுகளின் கதை பெரும்பாலும் ஞாபகமறதியின் கதை.

விரலின் பலத்தையே மின்சாரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் யோசனைக்கு இன்னும் வயது அதிகம். 1955-ல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் ‘ஃபிளாஷ்-மேட்டிக்’ என்ற தொலைக்காட்சி ரிமோட்டை விற்றது. யூஜின் பாலி என்ற பொறியாளர் வடிவமைத்தது. டார்ச் விளக்குபோல ஒளியைத் திரையின் மூலைகளில் பாய்ச்சினால் சேனல் மாறும். சிக்கல் என்னவென்றால், மாலை வெயில் ஜன்னல் வழியாக அந்த மூலையில் விழுந்தாலும் சேனல் மாறியது. அதற்கு மாற்றாக 1956-ல் ராபர்ட் ஆட்லர் செய்துகொடுத்தது ‘ஸ்பேஸ் கமாண்ட்’. அதற்குள் பேட்டரியே இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியக் கம்பி ஒன்றைத் தட்டும். காதுக்குக் கேட்காத மீயொலி எழும். தொலைக்காட்சி அதைக் கேட்டுக்கொள்ளும். ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறு நீளத்தில் ஒரு கம்பி. கோயில் மணியை அடிப்பதில் செலவாகிற சக்தியைவிட வேறு ஒன்றும் வேண்டாம்.

பேட்டரி வேண்டாம் என்று ஜெனித் பிடிவாதம் பிடித்ததற்குச் சிக்கனமோ சுற்றுச்சூழலோ காரணம் கிடையாது. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் வாடிக்கையாளர் டிவியே கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வார் என்று விற்பனைப் பிரிவு பயந்தது. பேட்டரி என்பது என்றாவது ஒருநாள் கழுத்தறுக்கும் பொருள் என்பதை அந்தக் காலத்து வியாபாரிகள் இன்றைய செல்போன் கம்பெனிகளைவிடத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

விளையாட்டில் இதற்கு இணையான பொருள் தமிழ்நாட்டுத் திருவிழாக் கடைகளிலும் தொங்கியது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பெட்டி. பொத்தானை அழுத்தினால் நீர் பீய்ச்சி வண்ண வளையங்கள் மேலே எழும்பி, ஊசியில் மாட்டினால் மாட்டும். ஜப்பானின் டோமி நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த பொம்மையின் சந்ததி அது. பேட்டரி இல்லாத கையடக்க விளையாட்டு என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் கணினி இல்லை. மறப்பதற்கு ஒன்றும் இல்லை.

கணினி உள்ளே வந்தபோது பேட்டரியும் கூடவே வந்தது. 1976-ல் மேட்டல் வெளியிட்ட ‘ஆட்டோ ரேஸ்’ கருவியில் கார் என்பது ஒரு சிவப்பு எல்.இ.டி. கோடு. அதை எரியவைக்க 9 வோல்ட் பேட்டரி வேண்டியிருந்தது. ஒளியை உமிழும் எதுவும் தீனி அதிகம் தின்னும். ஒளியை மறைக்க மட்டும் செய்கிற திரை கிடைத்தால் கணக்கே மாறும். அந்தத் திரைதான் எல்.சி.டி.

ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1973-ல் ‘ஈ.எல்.-805’ என்ற கால்குலேட்டரில் எல்.சி.டி.யை வைத்தபோது, ஒரே ஒரு பென் டார்ச் செல்லில் 100 மணி நேரம் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் கால்குலேட்டர் விலை சரிந்து, தடிமன் குறைந்து, சட்டைப் பைக்குள் போயிற்று. மீதி வேலையைச் செய்தது சான்யோ. படிகமாக்காத சிலிக்கானைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியவைத்த சூரியத் தகட்டை அந்த நிறுவனம் 1980-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. கொளுத்தும் வெயிலில் அது சுமார்தான். அறைக்குள் எரியும் டியூப் லைட்டுக்கு நன்றாக வேலை செய்தது. மளிகைக் கடை மேஜைகளில் நாம் பார்த்த சோலார் கால்குலேட்டரின் பிறப்பு அங்கேதான்.

அந்தக் கால்குலேட்டரின் பட்டையைக் கட்டைவிரலால் பொத்திப் பார்க்காத பிள்ளை உண்டா? எண்கள் மெல்ல வெளுத்து மறையும். விரலை எடுத்தால் வெறும் பூஜ்யம். கூட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கத்துவார். (உள்ளே ஒரு பொத்தான் செல்லும் ஒளித்து வைத்திருக்கும் மாடல்கள் இந்த விளையாட்டுக்கு மசியாது.)

சூரியத் தகட்டுக்கும் விளையாட்டுக்கும் உறவு இதைவிடப் பழையது, அதுவும் எதிர்பாராத வழியில். மசயுகி உயேமுரா என்ற இளைஞர் ஷார்ப் நிறுவனத்தில் சூரியத் தகடு விற்கும் வேலையில் இருந்தார். கியோட்டோவில், 1889 முதல் சீட்டுக்கட்டு அச்சடித்துக்கொண்டிருந்த நின்டெண்டோவுக்கு அதை விற்கப் போனார். அங்கே குன்பெய் யோகோய் என்ற பொறியாளர் அந்தத் தகட்டை வேறு கண்ணால் பார்த்தார். வெளிச்சம் பட்டால் மின்சாரம் வருகிறது என்றால், வெளிச்சம் பட்டதா இல்லையா என்பதையும் அது சொல்லுமே? விளைவு, 1970-ல் வந்த ஒளித் துப்பாக்கிப் பொம்மை. துப்பாக்கி ஒரு மின்னல் ஒளியை வீசும். குறியில் பதித்த சூரியத் தகடு அதை உணர்ந்து பொம்மையைச் சாய்க்கும். விற்க வந்த உயேமுரா பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983-ல் வந்த ‘ஃபாமிகாம்’ கருவியை வடிவமைத்தார். ஒரு தலைமுறைக்கே வீட்டு வீடியோ கேமை அறிமுகப்படுத்தியவர் தொழிலுக்குள் நுழைந்தது சூரியத் தகட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான்.

யோகோயின் அடுத்த பாய்ச்சல் கால்குலேட்டரிலிருந்து வந்தது. புல்லட் ரயிலில் அலுவலகம் போகும் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தனக்கு யோசனை வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 1980 ஏப்ரலில் ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையின் முதல் கருவி ‘பால்’ வெளியானது. கால்குலேட்டர் சிப், கால்குலேட்டர் திரை, இரண்டு பொத்தான் செல். திரையில் வருகிற உருவங்கள் எல்லாம் முன்கூட்டியே கண்ணாடியில் வரைந்து வைத்தவை; எது எப்போது கறுக்க வேண்டும் என்று மட்டும் சிப் முடிவு செய்யும். கை மேலே, கை நடுவே, கை கீழே என்று மூன்று கைகள் வரைந்திருக்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தால் பந்தாட்டக்காரன் கையை அசைப்பதுபோல் இருக்கும். இவ்வளவு சிக்கனமான வேலைக்கு மின்சாரமும் சொற்பம்தான். அந்த வரிசை மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது.

பண்டாய் செய்தது இந்தக் கணக்கின் அடுத்த வரி. கால்குலேட்டர் திரைக்கும் சிப்புக்கும் கால்குலேட்டரின் சூரியத் தகடே போதும் என்றால் செல் எதற்கு? அதோடு நிற்காமல், சில பெட்டிகளில் எல்.சி.டி.யை இரண்டு அடுக்காக வைத்து, முதல் கட்டம் முடிந்ததும் இரண்டாவது காட்சி விரிகிறாற்போல் செய்தார்கள். 1982-க்கு இது பெரிய ஆடம்பரம், அதுவும் ஓசி மின்சாரத்தில். கைவிட்டது ஒன்றே ஒன்று: நின்டெண்டோவின் கருவி நிறுத்திய பிறகும் கடிகாரமாக மணி காட்டிக்கொண்டிருந்தது. இருட்டில் செத்துப்போகும் பெட்டியால் மணி காட்ட முடியாது.

சோலார்பவர் வரிசை நீடிக்கவில்லை. விளையாட்டுகள் கொழுத்துக்கொண்டே போயின, சூரியத் தகடு அப்படியே இருந்தது. வரைந்து வைத்த உருவம் போய், புள்ளிப் புள்ளியாக எதையும் வரையக்கூடிய திரை வந்தது. அதை ஓட்ட அறைவெளிச்சம் போதாது.

1989 ஏப்ரல் 21 அன்று ஜப்பானில் 12,500 யென்னுக்கு ‘கேம் பாய்’ விற்பனைக்கு வந்தது. திருப்பிப் பார்த்தால் முதுகில் கால்வாசியை அடைக்கும் மூடி. உள்ளே நான்கு பென் டார்ச் செல்கள். திரை 160-க்கு 144 புள்ளி, பாசி படிந்த பச்சையில் நான்கு சாயல், பின்னொளி கிடையாது. அதே காலத்தில் வந்த அடாரி ‘லிங்க்ஸ்’, அடுத்த ஆண்டு வந்த சேகா ‘கேம் கியர்’ இரண்டும் வண்ணத்தில் ஜொலித்தன. இரண்டுக்கும் ஆறு செல்கள் வேண்டும். அவையும் நாலைந்து மணி நேரத்தில் உயிரை விடும். கேம் பாய் பத்துப் பதினைந்து மணி நேரம் சாதாரணமாகத் தாங்கியது. ஊரெல்லாம் பழகி, விலை இறங்கி, நம்பகமான பாகங்களை எடுத்துக்கொண்டு, புது இடத்தில் பொருத்துவது எப்படி என்று யோசிப்பதுதான் யோகோயின் கொள்கை. அந்தக் கொள்கைதான் வென்றது. பின்னால் வந்த வண்ண மாடலையும் சேர்த்து, 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது.

யோகோய் செல் எண்ணிக்கையைக் குறைப்பதைக் கடைசிவரை விடவில்லை. நின்டெண்டோவை விட்டு வெளியேறி அவர் தொடங்கிய நிறுவனம் பண்டாய்க்காக ‘வொண்டர்ஸ்வான்’ என்ற கருவியை உருவாக்கியது. ஒரே ஒரு செல்லில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1999-ல் அது கடைக்கு வந்தபோது பார்க்க அவர் இல்லை. 1997-ல் சாலை விபத்தில் இறந்துவிட்டார்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேம் பாயைப் பார்த்ததில்லை. 1990-களில் இங்கே கையில் கிடைத்தது சீனாவிலிருந்து வந்த ‘பிரிக் கேம்’. ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும்; உள்ளே இருப்பது டெட்ரிஸும் அதன் பங்காளிகளும். செல் தளர்ந்தால் திரை மங்கும், பாட்டு இழுக்கும். செல்லைக் கழற்றிப் பல்லால் கடித்து, மொட்டை மாடியில் வெயில் காயவைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்த வீடுகள் ஆயிரம். இன்னும் அரை மணி நேரம் ஓடும். ஆனால் செல்லைக் கழற்றிய அந்தக் கணத்தில், ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பாடுபட்டு ஏற்றிய ‘ஹை ஸ்கோர்’ அழிந்திருக்கும்.

இந்த அழிவைத் தடுக்க அன்றைய பொறியாளர்கள் கண்ட வழி கொஞ்சம் வேடிக்கையானது. பேட்டரி தீர்ந்தால் ஞாபகம் போகிறதா? ஞாபகத்துக்குத் தனியாக இன்னொரு பேட்டரி வை. 1996-ல் வந்த ‘போக்கிமான்’ கேசட்டுக்குள் நாணய வடிவ லித்தியம் செல் ஒன்று பற்றவைத்திருக்கும். பிடித்து வைத்த பிராணிகளின் பட்டியலைச் சுமக்கும் நினைவகத்துக்கு அது பல ஆண்டுகள் சொட்டுச் சொட்டாக உயிர் கொடுத்தது. இப்போது அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன. கூடவே யாரோ ஒருவரின் பன்னிரண்டு வயதும் அழிகிறது. சாலிடரிங் குச்சியும் கையுமாகச் செல் மாற்றிக்கொண்டிருக்கும் நடுத்தர வயதுக்காரர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

சூரியனும் விளையாட்டும் இடையில் ஒருமுறை சந்தித்தன. 2003-ல் கொனாமிக்காக ஹிதேயோ கோஜிமா தயாரித்த ‘போக்தாய்’ விளையாட்டின் கேசட்டில் ஒளி உணரி பதித்திருந்தது. இரத்தக் காட்டேரியை ஒழிக்க வேண்டுமானால் பிள்ளை எழுந்து வெளியே போய் நிஜ வெயிலில் நிற்க வேண்டும். அருமையான கற்பனை. ஆனால் அந்த வெயிலிலிருந்து ஒரு துளி மின்சாரமும் எடுக்கவில்லை. கருவி செல்லில்தான் ஓடியது. 2022-ல் வந்த ‘பிளேடேட்’ கருவியின் பக்கவாட்டில் சுற்றுகிற கைப்பிடி இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாம் சார்ஜ் ஏற்றுவதற்கு என்று நினைத்தார்கள். அதுவும் விளையாட்டைக் கட்டுப்படுத்த மட்டுமே. சிக்கனம் வேடமாக மட்டும் வந்துபோன சந்தர்ப்பங்கள் இவை. அதே 2003-ல் வந்த ‘கேம் பாய் அட்வான்ஸ் எஸ்.பி.’யில் சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. செல் வாங்கக் கடைக்கு ஓடுகிற வேலையும் அதோடு குறைந்தது.

மறதிக்கு மருந்து வந்தது விளையாட்டு உலகிலிருந்து இல்லை. கடையில் துணிக்குள் தைத்திருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சீட்டைப் போல, வானொலி அலையைச் சாப்பிட்டு வாழும் குட்டிக் கணினிகளை ஆராய்ந்தவர்கள் வேறு கூட்டம். சியாட்டிலில் இருந்த இன்டெல் ஆய்வகம் 2000-களின் நடுவில் ‘விஸ்ப்’ என்ற அத்தகைய கருவியைச் செய்தது. பேட்டரி கிடையாது. அலை கிடைத்தால் விழிக்கும், தீர்ந்தால் விழும். ஒரு நொடிக்குள் பலமுறை செத்துப் பிழைக்கக்கூடிய பிராணி. அதனிடம் நீளமான கணக்கு ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? பாதி போடும், சாகும், எழுந்து முதலிலிருந்து போடும், மறுபடி சாகும். கணக்கு என்றைக்கும் முடியாது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் பெஞ்சமின் ரான்ஸ்ஃபோர்ட், ஜேக்கப் சோர்பர், கெவின் ஃபூ மூவரும் 2011-ல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பெயர் ‘மெமென்டோஸ்’. ‘கஜினி’ பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் மறந்துபோகும் சஞ்சய் ராமசாமி உடம்பில் பச்சை குத்தி வைத்துக்கொள்கிறான் அல்லவா, அதே உபாயம். கணினி வேலைக்கு நடுவே மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைகிறது என்று தெரிந்ததும், ‘இதுவரை இன்னது செய்தேன், அடுத்தது இன்னது’ என்று மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவிட்டுச் சாக வேண்டும். எழுந்ததும் முதல் வேலை அதைப் படிப்பது.

சொல்வதுபோல் எளிதாக இல்லை. கடைப் பையன் ஒருவன் கணக்கு நோட்டில் வாடிக்கையாளர் பாக்கியோடு 50 ரூபாய் கூட்டி எழுதுகிறான். எழுதிய கையோடு மயங்கி விழுகிறான். ‘எழுதியாயிற்று’ என்று டிக் அடிக்கவில்லை. தெளிந்து எழுந்தவன் டிக் இல்லாததைப் பார்த்து இன்னொரு 50 ரூபாய் கூட்டுகிறான். நினைவு தவறும் கணினிகள் இதே தவற்றைச் செய்யும் என்பதை ரான்ஸ்ஃபோர்டும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிராண்டன் லூசியாவும் எடுத்துக்காட்டி, 2015-ல் தீர்வும் எழுதினார்கள். இன்னொரு குழப்பம், நேரம். எழுந்தவனுக்குத் தான் ஒரு நொடி கிடந்தோமா, ஒரு நாள் கிடந்தோமா என்று தெரியாது. அதற்கும் தனித்தனி உபாயங்கள் கண்டுபிடித்தார்கள்.

வன்பொருளும் கைகொடுத்தது. எஃப்ரேம் என்னும் நினைவகம் மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காது. எழுதுவதற்குப் பென் டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைவிட மிகக் குறைந்த சக்தி போதும். 2011-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதைச் சில்லறை விலைச் சிப்புக்குள் வைத்து விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்தத் துறை வேகம் பிடித்தது. 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று பேட்டரியே இல்லாத தொலைபேசியில் பேசிக் காட்டியது. அதன் மின்செலவு 3.5 மைக்ரோவாட். குழுவில் முக்கியமானவரான ஷியாம் கொல்லக்கோட்டா படித்தது கிண்டி ஐ.ஐ.டி.யில்.

2020 செப்டம்பரில், கொரோனாவால் இணையத்துக்கு இடம் மாறிய யூபிகாம்ப் மாநாட்டில், இந்தக் கிளைகள் எல்லாம் ஒரு பொம்மையில் வந்து சேர்ந்தன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து யாஸ்பர் டி விங்கல், வீட்டோ கோர்ட்பேக், ப்ஷெமிஸ்வாஃப் பவெவ்சாக். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜோசையா ஹெஸ்டர். ஹெஸ்டர் ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். மெமென்டோஸ் குழுவின் சோர்பரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்கள் செய்த கருவியின் பெயர் ‘எங்கேஜ்’. உருவத்திலும் அளவிலும் அசல் கேம் பாய். திரையைச் சுற்றிச் சூரியத் தகடுகள். முதுகில் செல் போடும் இடமே இல்லை.

பொத்தான்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், அதற்குள் ஒரு காந்தம். அழுத்தும்போது காந்தம் வெடுக்கென்று நகர்ந்து சுருளில் மின்சாரத்தைக் கிளப்பும். சைக்கிள் டைனமோவின் சித்தாந்தம்தான். சக்கரத்துக்குப் பதில் கட்டைவிரல். வலதுபுறம் நகர்த்து என்று டெட்ரிஸ் கட்டைக்கு இடுகிற உத்தரவே அந்தக் கட்டை நகர்வதற்கான கூலியில் ஒரு பங்கையும் கொடுத்துவிடுகிறது. ஸ்பேஸ் கமாண்டின் சுத்தியலுக்கு இது தூரத்து உறவு.

விரல் கூலி மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். நல்ல வெளிச்சத்தில் டெட்ரிஸ் போன்ற ஆட்டத்தில் பத்து விநாடி ஆட்டம். பிறகு திரை சட்டென்று வெறுமை. ஒரு நொடிக்குள் மின்சாரம் மறுபடி சேர்ந்து, விழுந்துகொண்டிருந்த கட்டை அதே உயரத்தில், அதே சாய்வில் திரும்ப நிற்கும். மேரியோ குதித்துக்கொண்டிருக்கும்போது கருவி செத்தால், எழும்போதும் அந்தரத்தில்தான் இருப்பார். ‘சேவ்’ பொத்தான் தேவையில்லை. 1982-ல் பண்டாய் பெட்டியால் முடியாதது இதுதான்.

எப்படி முடிந்தது? அசல் கேம் பாய்க்கு வேலை நினைவகம் 8 கிலோபைட், படத்துக்கு இன்னொரு 8 கிலோபைட். இன்றைய கணக்கில் தூசு. ஆனால் கையளவு மின்சாரத்தில் ஒவ்வொரு முறையும் இவ்வளவையும் பிரதி எடுத்து வைக்க நேரமும் இல்லை, சக்தியும் இல்லை. ஆகவே கடைசியாகப் பதிந்ததற்குப் பிறகு எந்தத் துண்டு மாறியிருக்கிறதோ அதை மட்டும் ஒட்டுப் போடுவதுபோல எஃப்ரேமில் எழுதினார்கள். டெட்ரிஸில் ஒரு கட்டை ஒரு படி இறங்கினால் மாறுவது கொஞ்சமே. கீழே குவிந்து கிடப்பது அப்படியே இருக்கிறது. 1989-ன் சிப்பைப் போல நடிக்கிற ஒரு மென்பொருளைச் சிக்கனமான புதுச் சிப்பில் ஓட்டியதால், பழைய கேசட்டை அப்படியே செருகி விளையாடலாம்.

இதைப் பார்த்து இனி பேட்டரிக்கு வேலையில்லை என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். எங்கேஜில் சத்தம் கிடையாது. ஒலிக்குக் கொடுக்க மின்சாரம் மிச்சமில்லை. டெட்ரிஸின் அந்த ரஷ்யப் பாட்டு இல்லாமல் கட்டை அடுக்குவது தாளம் இல்லாத கும்மி. சீட்டு, சதுரங்கம் போன்ற நிதான ஆட்டங்களுக்கு இடைவெளி உறுத்தாது. எதிரி பாயும்போது திரை அணைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். செய்தவர்களும் இதை மறைக்கவில்லை. விற்பனைக்குக் கொண்டுவரும் நோக்கமே அவர்களுக்கு இல்லை. அடிக்கடி சாகும் கணினியாலும் மனிதரோடு ஈடுகொடுத்து விளையாட முடியும் என்று காட்டுவதுதான் குறி. அது நிறைவேறியது. 2022-ல் டி விங்கலும் கூட்டாளிகளும் அதே உத்தியில் புளூடூத் இணைப்பை மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் அறாமல் காத்துக் காட்டினார்கள். சுவரிலும் பாலத்திலும் பதித்து, பேட்டரி மாற்ற ஆள் அனுப்ப முடியாத உணரிகளுக்குத்தான் இதன் பயன் அதிகம். பொம்மை ஒரு சாக்கு.

எங்கேஜின் சுற்று வரைபடத்தையும் நிரலையும் குழு இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. சாலிடரிங் தெரிந்தவர் செய்து பார்க்கலாம். பண்டாயின் சோலார்பவர் பெட்டிகள் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கின்றன; விளக்கடியில் வைத்ததும் விழித்துக்கொள்ளும் பிரதிகளும் அவற்றில் உண்டு. பரணில் பிரிக் கேமோ கேம் பாயோ கிடந்தால் இன்றைக்கே இறக்கிப் பின்மூடியைத் திறந்து செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்து வெள்ளை பூத்திருந்தால், வினிகரில் தோய்த்த பஞ்சால் தகட்டைத் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.